படிக்காத கட்டுரைக்குச் சாட்சி சொல்லாதீர்கள்

1980 ஜனவரி 10 தேதியிட்ட ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழின் 123ஆம் பக்கத்தில், ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதியில், ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த ஜேன் போர்ட்டரும் ஹெர்ஷல் ஜிக்கும். மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்த 39,946 பேரின் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் 11,882 பேருக்கு அபின் வகை வலிநிவாரணி ஒரு தடவையாவது கொடுக்கப்பட்டிருந்தது. முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில், மருந்துக்கு அடிமையானதாக ஓரளவு உறுதியாகத் தெரிந்தவர்கள் நான்கு பேர்தான். கடிதத்தின் சாரம் இவ்வளவே. எத்தனை நாள் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், வீடு திரும்பியபின் அவர்கள் என்ன ஆனார்கள் என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது.

மருத்துவக் கல்லூரி நூலகராகவே பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்த இதழின் பழைய தொகுதிகள், காலிகோ அட்டை போட்டுக் கட்டியவை, எங்கள் நூலக அலமாரியில் வரிசையாக இருந்தன. 123ஆம் பக்கத்தைத் தேடி எடுத்து வாசிக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை எத்தனை பேர் செலவழித்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையை என்னை எழுத வைக்கும் கேள்வி.

2017இல் கனடா ஆய்வாளர்கள் சிலர் அதே இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அதுவரை அந்தக் கடிதத்தை 608 வெளியீடுகள் மேற்கோள் காட்டியிருந்தன. அதையொட்டி வெளியான மற்றக் கடிதங்கள் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு தடவைதான் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. 608இல் 439 வெளியீடுகள், அபின் வகை மருந்துகளுக்கு நோயாளிகள் அடிமையாவது அபூர்வம் என்பதற்கு இதையே ஆதாரமாக்கியிருந்தன. 491 வெளியீடுகள், இது மருத்துவமனையில் இருந்தவர்களைப் பற்றிய கணக்கு என்பதையே சொல்லவில்லை. மாதக்கணக்கில் வீட்டில் மாத்திரை சாப்பிடும் முதுகுவலிக்காரருக்கும் மூட்டுவலிக்காரருக்கும், கண்காணிப்பில் படுத்திருந்த உள்நோயாளியின் கணக்கு அப்படியே பொருந்தும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்ளும்படி ஆயிற்று.

கைமாறக் கைமாறக் கடிதத்தின் அந்தஸ்தும் கூடியது. 1990இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ கட்டுரை ஒன்றில் அது விரிவான ஆய்வாகிவிட்டது. 2001இல் ‘டைம்’ வார இதழ் அதைத் திருப்புமுனை ஆய்வு என்றே குறிப்பிட்டது. இடையில் 1996இல் பர்டூ நிறுவனத்தின் ஆக்ஸிகான்டின் மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்திருந்தது. தயங்கிய டாக்டர்களுக்கு, பயப்பட வேண்டாம், அடிமையாவது மிக அபூர்வம் என்ற தைரியம் ஊட்டப்பட்டது. பர்டூ குழுமம் 2007இலும் 2020இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 1999 முதல் 2021 வரை, மருந்துச் சீட்டில் எழுதப்பட்டதும் கள்ளச் சந்தையில் வாங்கியதுமாக, அபின் வகைப் பொருள்கள் அளவு மீறியதால் அமெரிக்காவில் இறந்தவர்கள் 6 லட்சத்துக்கும் அதிகம்.

இத்தனை சாவுக்கும் ஐந்து வாக்கியங்களே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பேராசைக்கும் அரசின் மெத்தனத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. கடிதம் எழுதியவர்கள் பொய்யும் எழுதவில்லை. தாங்கள் பார்த்ததை, பார்த்த அளவில் எழுதினார்கள். தன் கடிதம் இப்படிப் பயன்படுத்தப்பட்டதற்காக ஜிக் பின்னாளில் வருந்தினார். பிழை செய்தவர்கள், திறந்து பார்க்காமலே அதன் மேல் கையெழுத்துப் போட்ட நூற்றுக்கணக்கான படித்த மனிதர்கள். 37 ஆண்டுகள் கழித்து, அந்தக் கடிதம் கவனமின்றி மேற்கோள் காட்டப்பட்டுவந்திருக்கிறது என்ற எச்சரிக்கைக் குறிப்பை இதழாசிரியர்கள் அதன் தலையில் சேர்த்தார்கள்.

ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் வரும் ரெஃபரன்ஸ் பட்டியலைச் சடங்காக நினைப்பவர்கள் நம்மிடம் நிறைய. எனக்கு அது நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொல்லும் சாட்சியம். பெயரும் ஆண்டும் போட்டு ஒரு கட்டுரையைக் காட்டும்போது, ‘இதை நான் பார்த்தேன், இதில் இப்படித்தான் இருக்கிறது’ என்று எழுதுபவர் உறுதி கொடுக்கிறார். பார்க்காமல் சொன்னால் அது பொய்ச் சாட்சி. தனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டு, எதிரானதைத் தெரிந்தே மறைத்தாலும் அதே கணக்குத்தான்.

மேற்கோள்களைத் தொகுக்கும் வேலை எதற்காகத் தொடங்கியது என்பதை இளைய ஆய்வாளர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அமெரிக்க வக்கீல்களிடம் 1873 முதலே ஷெப்பர்டு தொகுப்பு என்று ஒன்று இருந்தது. ஒரு பழைய தீர்ப்பைக் காட்டி வாதாடும் முன், அந்தத் தீர்ப்பு பின்னால் ரத்தானதா, மற்ற நீதிபதிகள் அதை ஏற்றார்களா என்று அதில் தேடிப் பார்த்துக்கொள்வார்கள். யூஜின் கார்ஃபீல்டு என்பவர் அதே முறையை அறிவியலுக்குக் கொண்டுவரலாமே என்று 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். மோசடியான, அரைகுறையான, காலாவதியான தரவுகளை யாரும் கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் காட்டாமல் இருக்கவும், ஒரு கட்டுரையைப் பிற்பாடு யார் விமர்சித்தார்கள் என்பது மனசாட்சியுள்ள ஆய்வாளருக்குத் தெரியவும் வழி வேண்டும் என்பதே அவர் சொன்ன முதல் காரணம். 1960களில் அவருடைய ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ வெளிவந்தது. முதல் பதிப்பிலேயே 613 இதழ்கள், 14 லட்சம் மேற்கோள்கள். எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் அச்சிட்ட கனமான தொகுதிகள் அவை.

சரிபார்க்கப் பிறந்த அந்தக் கருவி இன்று மதிப்பெண் போடும் கருவியாகிவிட்டது. இதழுக்கு இம்பாக்ட் ஃபேக்டர், ஆளுக்கு எச்-இண்டெக்ஸ், கல்லூரிக்குத் தரவரிசை. எண்ணிக்கை கூடினால் பதவி உயர்வு, பணம், மாணவர் சேர்க்கை. ஒரு கட்டுரையை 100 பேர் மேற்கோள் காட்டினார்கள் என்றால், அந்த 100 பேரும் அதைப் பாராட்டினார்களா, மறுத்தார்களா, படித்தார்களா என்று அந்த எண்ணிக்கைக்குத் தெரியாது. கேட்பவர்களும் குறைவு.

என் பணியின் தொடக்கக் காலத்தில், கட்டுரை வேண்டுமென்றால் எழுதியவருக்கே அட்டை போட்டு ரீப்ரின்ட் கேட்போம். வாரக்கணக்கில் காத்திருந்தபின் வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டிய உறை வரும். டாக்டர்கள் அதை நூலகத்திலேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதற்காக, அன்று எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று சொல்ல வரவில்லை. லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த மிகைல் சிம்கின், வ்வானி ராய்சௌத்ரி என்ற இரு ஆய்வாளர்கள், புகழ்பெற்ற ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு அதைக் காட்டிய சுமார் 4,300 மேற்கோள்களை ஆராய்ந்தார்கள். 196 இடங்களில் தொகுதி எண்ணோ பக்க எண்ணோ ஆண்டோ தப்பாக இருந்தது. ஆனால், தப்புகளின் வகை 45தான். ஒரே ஒரு தப்பு மட்டும் 78 இடங்களில் அப்படியே வந்திருந்தது. 78 பேர் தனித்தனியே ஒரே எண்ணைத் தப்பாக எழுத வாய்ப்பே இல்லை. ஒருவர் பட்டியலைப் பார்த்து இன்னொருவர் எழுதினால்தான் இப்படி நடக்கும். மேற்கோள் காட்டுவோரில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று 2003இல் அவர்கள் மதிப்பிட்டார்கள். கட்டுரையைப் படித்துவிட்டு, எண்ணை மட்டும் வேறு இடத்திலிருந்து எடுத்தவர்களும் இருக்கலாம். அவர்களைக் கழித்தாலும் நிலைமை கவலைக்குரியதுதான். நூலகருக்கு இது புதிய செய்தியும் இல்லை. தப்பான பக்க எண்ணோடு வந்து நிற்பவரிடம், இது எங்கிருந்து எடுத்தது என்று கேட்டால், பதில் எப்போதும் இன்னொரு கட்டுரையின் பெயராகவே இருக்கும்.

சோம்பலைவிட ஆபத்தானது சாய்வு. இதைக் கண் முன்னே கொண்டுவந்தவர் பாஸ்டன் நரம்பியல் மருத்துவர் ஸ்டீவன் கிரீன்பெர்க். வயதானவர்களின் தசை கரையும் ஒரு நோயில், அல்சைமர் நோயில் பேசப்படும் பீட்டா அமிலாய்டு என்ற புரதம் தசையிலும் உண்டாகி அதைச் சேதப்படுத்துகிறது என்பது அத்துறையில் ஏறக்குறைய வேதவாக்காக இருந்தது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கிரீன்பெர்க் தோண்டினார். 242 கட்டுரைகள், அவற்றுக்குள் 675 மேற்கோள்கள். எல்லாவற்றையும் கோடு போட்டு இணைத்தபோது, பெரும்பாலான வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மூலக் கட்டுரைகளில் போய் முடிந்தன. அந்தக் கருத்துக்குச் சாதகமான 4 கட்டுரைகளுக்கு, நேரடித் தரவைக் காட்டிய 214 மேற்கோள்களில் 94 சதவீதம் கிடைத்திருந்தது. கருத்தைப் பலவீனப்படுத்திய அல்லது மறுத்த 6 கட்டுரைகளுக்கு மிச்சம் 6 சதவீதம். சொந்தமாக எந்தத் தரவும் இல்லாத கட்டுரைகள் ஒன்றையொன்று சுட்டிக்காட்டிச் சுட்டிக்காட்டியே நம்பிக்கையைப் பெருக்கியிருந்தன. ஒருவர் ‘இப்படி இருக்கலாம்’ என்று எழுதியது, அடுத்தவர் கையில் ‘இப்படி இருக்கிறது’ ஆகியிருந்தது. புதிய ஆய்வு எதுவும் நடக்காமலே, மேற்கோள் ஒன்றினாலேயே ஊகம் உண்மையாகிவிட்டது. அரசு நிதி கேட்ட விண்ணப்பங்களையும் கிரீன்பெர்க் அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிப் பார்த்தார். அங்கும் இதே கதை. 2009இல் ‘பிஎம்ஜே’ இதழில் வந்த அவருடைய கட்டுரையை, எங்கள் கல்லூரியில் புதிதாகச் சேரும் முதுநிலை மாணவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதை வழக்கமாக வைத்திருந்தேன்.

எதிர்க் கட்டுரையை விட்டுவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு அப்ரோடினின் மருந்தின் வரலாற்றைச் சொல்வேன். இதய அறுவைச் சிகிச்சையில் ரத்த இழப்பைக் குறைக்கக் கொடுத்த மருந்து அது. 1987 முதல் 2002 வரை அதைப் பற்றி 64 பரிசோதனைகள் வெளியாயின. மருந்து ரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்கிறது என்பது 1992லேயே, 12ஆவது பரிசோதனையோடு தெளிவாகிவிட்டது. பிறகும் 50க்கு மேற்பட்ட தடவை அதே கேள்வியைக் கேட்டார்கள். முன்பு நடந்தவற்றில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பெரும்பாலோர் குறிப்பிட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் பெரிய பரிசோதனையை, அதன்பின் வந்த 44 கட்டுரைகளில் 7 மட்டுமே குறிப்பிட்டன. அந்த மருந்தின் பாதுகாப்பு பற்றிப் பின்னர் வேறு சர்ச்சை வந்தது; அது தனிக் கதை. விடை தெரிந்த கேள்விக்காக நெஞ்சு திறந்து படுத்திருந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வெற்று மருந்து கொடுக்கப்பட்டது என்பதுதான் என்னை உறுத்துகிறது. நூலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

பெயர் விடுபடுவதால் வரும் அநீதி வேறு வகை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருந்தபடி ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பை 1954, 1955 ஆண்டுகளில் ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தார்கள். 1955 இறுதியில் கேம்பிரிட்ஜில் இருந்த அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று விமர்சித்துத் திருத்திய வடிவத்தை வெளியிட்டார்கள். விமர்சனம் நியாயமான அறிவியல் செயல். அதற்குப் பதில் தேடியதில்தான் 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து ராமச்சந்திரன் உருவாக்கிய, இன்று உலகமெங்கும் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம் பிறந்தது. ஆனால், கொலாஜன் வரலாற்றை எழுதும்போது கேம்பிரிட்ஜை மட்டும் சொல்லிவிட்டு கிண்டியை மறப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கும். கர்த்தாவின் பெயர் நம் ஊரிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர் பெற்றவருக்கே மேலும் பெயர் சேர்கிறது என்பதை 1968இல் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் ‘சயின்ஸ்’ இதழில் விளக்கினார். அந்தக் கட்டுரை பெருமளவு ஹாரியட் ஸக்கர்மன் எடுத்த நேர்காணல்களை நம்பி எழுதப்பட்டது. கட்டுரையில் அவர் பெயர் இணையாசிரியராக இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று மெர்ட்டனே பிற்பாடு எழுதினார்.

இனி நம் வீட்டு விஷயம். ஓய்வு பெற்ற பிறகும் பழைய மாணவர்கள் போன் செய்கிறார்கள். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி சொன்னது: “மேடம், ரிவ்யூவர் ஆறு பேப்பர் சேர்க்கச் சொல்றார். ஆறும் ஒரே ஆள் எழுதினது. என் டாபிக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.” படிச்சுப் பார்த்தியாம்மா என்றேன். “இல்ல மேடம், கைடு சேர்த்துடச் சொல்லிட்டார். பேப்பர் வந்தாதான் தீசிஸ் போட முடியும்.” அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த நெருக்கடி நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், பொருளியல், சமூகவியல், உளவியல், வணிகத் துறைகளைச் சேர்ந்த 6,672 பேரிடம் கேட்டபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், இதழாசிரியர்கள் தங்கள் இதழின் கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தியதாகச் சொன்னார்.

நம் தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப், கட்டுரை எண்ணிக்கைக்கும் மேற்கோள் எண்ணிக்கைக்கும் மதிப்பெண் தருகிறது. விளைவு தெரிந்ததே. நம் மாநிலத்துக் கல்லூரி ஒன்றைப் பற்றி 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த புலனாய்வு, இளநிலை மாணவர்களைத் தேர்வாக எழுத வைத்த கட்டுரைகளில் அதே கல்லூரியின் கட்டுரைகள் ஏராளமாக மேற்கோள் காட்டப்பட்டதாகச் சொன்னது. படித்தபோது வெட்கமாக இருந்தது. அறிவியல் என்றால் என்ன என்று பதினெட்டு, இருபது வயதில் கற்க வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தையா முதல் பாடமாகக் கொடுப்பது?

இப்போது புதிதாக இன்னொன்று. செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த பட்டியலோடு வந்து, இந்தக் கட்டுரை எங்கும் கிடைக்கவில்லை, தேடித் தாருங்கள் என்கிறார்கள். இதழ் உண்மை, தொகுதி உண்மை, அந்தப் பக்கத்தில் இருப்பது வேறு கட்டுரை. எழுதியவராகப் போட்டிருக்கும் பெயர்கூட அத்துறையில் உண்மையாக இருப்பவருடையது. இல்லாத கட்டுரைக்கு அவரைச் சாட்சியாக இழுத்திருக்கிறது இயந்திரம். திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் இது முதல் நிமிடத்திலேயே பிடிபட்டுவிடும்.

கட்டுரை கிடைப்பதில்லை என்ற சாக்கு முன்புபோல் எடுபடாது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால் அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள் 6,300க்கு, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்துவிட்டன. தனியார் கல்லூரி மாணவர்களுக்கும் இது விரிய வேண்டும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் ரிட்ராக்‌ஷன் வாட்ச் பட்டியலை 2023 முதல் எவரும் முழுமையாக இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருளில் உங்கள் பட்டியலைப் போட்டுவைத்தால், திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை அதுவே சிவப்பில் காட்டிவிடும். மூலம் கிடைக்கவே இல்லையென்றால், இன்னார் கட்டுரையில் எடுத்தாளப்பட்டபடி என்று எழுதுங்கள். அதில் எந்த இழிவும் கிடையாது. உங்கள் முடிவுக்கு எதிரான கட்டுரையைத் தேடுங்கள், கிடைத்தால் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். சம்பந்தமில்லாத கட்டுரையைச் சேர்க்கச் சொல்லும் ரிவ்யூவருக்கு மறுப்பு எழுதும் வேலையை மாணவர் தலையில் கட்டாமல், கைடு தன் பெயரில் எழுத வேண்டும்.

ஆனால், எல்லாவற்றையும்விட முக்கியமான இடம், ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு நடக்கும் வைவா அறை என்று நினைக்கிறேன். புறத்தேர்வாளராக வருபவர்களுக்குச் சால்வை போர்த்துகிறோம், சாப்பாடு போடுகிறோம். ஆய்வேட்டின் கடைசி இருபது முப்பது பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை. தேர்வாளர்களாகப் போகும் பேராசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது: அடுத்த வைவாவில் ரெஃபரன்ஸ் பட்டியலில் கண்ணில் படும் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் யாரை ஆராய்ந்தார்கள், எத்தனை பேர், என்ன கண்டார்கள் என்று கேளுங்கள். உங்கள் முடிவை மறுக்கும் கட்டுரை எது, அது ஏன் பட்டியலில் இல்லை என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால், படித்துவிட்டு வரச் சொல்லி ஒரு மாதம் அவகாசம் கொடுத்து அனுப்புங்கள்.